அக்காவின் அறைக்கு ஒட்டிய ஃபாயில்

தாம்பரத்தில் வெயிலுக்குப் பயந்து கூரைக்கு மேல் ஓலை போட்டவர்கள் உண்டு. மொட்டைமாடியில் சாயங்காலமானால் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு. குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளே கவசம் போட்டுக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும்தான். சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் என் எதிரில் சிரிக்காமல் வாசல் தாண்டிப் போய்ச் சிரித்தார்கள்.

குளிர் என் அக்காவுக்கு. கவசம் போட்டவர் அத்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மழை பிடித்த ஒரு வருஷம் அது.

சேலையூர் தாண்டி மாடம்பாக்கம் போகிற சாலையில், ஏரிப் பக்கமாக மனை பிரித்து விற்றபோது வாங்கிக் கட்டிய வீடு அவர்களுடையது. முன்னால் ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை எல்லாம் கான்கிரீட் தளம். பின்னால் ஒரு அறைக்கு மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பிறகு தளம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டார்கள், விட்டது விட்டதுதான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர். குழந்தை இல்லை. குரோம்பேட்டையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த நான், கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல், வாரக் கடைசியில் போய் அக்காவிடம் சாப்பிட்டுவிட்டு அவளையே வம்புக்கிழுத்துவிட்டு வருகிறவள்.

அத்தானுக்கு ஏ.சி. டக்ட் இன்சுலேஷன் வேலை. பெரிய கட்டடங்களிலும் தியேட்டர்களிலும் குளிர்ந்த காற்றைத் தகரக் குழாய்கள் வழியாகக் கொண்டுபோவார்கள். சீலிங்குக்கு மேலே, யார் கண்ணிலும் படாமல் ஓடும் குழாய்கள். போகிற வழியிலேயே குளிர் வீணாகாமல் இருக்க அவற்றின் மேல் கண்ணாடிப் பஞ்சும் பளபளவென்ற அலுமினிய ஃபாயிலும் சுற்றுவார்கள். அந்தச் சுற்றுகிற ஆள் அத்தான். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் குளிரக் காப்பாத்திக் குடுக்கிறேன், எனக்கு வீட்ல ஒரு ஃபேன்" என்பார். பஞ்சுத் தூள் கையில் அரிக்கும். வேலை முடிந்து வந்தால் கொல்லைக் குழாயில் குளித்த பிறகுதான் அக்காவைத் தொடுவார். அப்படி ஒரு ஒழுங்கு.

அக்கா அழகி. அது அவளுக்கும் தெரியும். அதுதான் எனக்குத் தாங்காது. இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி. பவுடர் போடாமல் பால்காரனுக்குக்கூடக் கதவைத் திறக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முதல் பாட்டு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவாள். "முன்னாடியே போயிட்டா இவ புடவைய யாரு பாக்கிறது?" என்று அத்தான் கேட்பார். "பொறாம புடிச்ச ஜென்மங்க" என்று எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டுவாள். தொலைபேசி அலுவலகத்தில் வேலை. முகம் தெரியாமல் குரல் மட்டும் போகிற வேலைக்கு இவ்வளவு அலங்காரமா என்று நான் கேட்டதற்கு என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

அவள் வயிற்றில் கட்டி வந்தது. அறுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. முகம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகி, நிறம் செத்துப்போனது. வாந்தியும் வலியும் அவளை அழவைத்ததை நான் பார்த்ததில்லை. ஒரு நாள் பீரோ கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அழுதாள். அன்றைக்கே அந்தக் கண்ணாடி மேல் கோதுமைப் பசை காய்ச்சிப் பழைய நாளிதழை ஒட்டினேன். ஹாலில் இருந்ததைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அத்தான் கொல்லைப்புறத்தில் சின்னக் கண்ணாடி வைத்து முகம் வழித்துவிட்டு, அதைத் தன் கருவிப் பைக்குள் ஒளித்துவைப்பார். வீட்டில் ஸ்டீல் தட்டில்கூடச் சாப்பாடு போடாமல் பீங்கான் தட்டு வாங்கினோம். இதையெல்லாம் யாரும் கூடிப் பேசவில்லை, செய்தோம், அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் டாக்டர், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், பிடித்ததைச் சாப்பிடட்டும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் புரிந்தது. நான் நீண்ட விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு மாடம்பாக்கத்துக்கே பெட்டியோடு வந்துவிட்டேன். முன் அறையில் கட்டில் போட்டோம். அக்கா மாட்டேன் என்றாள்.

"இங்க படுத்தா ஹாலுக்கு வர்றவங்கல்லாம் எட்டிப் பாப்பாங்க. பின்னால போட்டுடு. பாத்ரூமும் பக்கம்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இனிமே வேற ஒண்ணும் வேணாம்டி. என்ன யாரும் பாக்காம இருந்தா போதும். நானும்தான்" என்றாள்.

அதனால் பின்னறை. மே மாதத்தில் அந்த ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் மனுஷன் வெந்துபோவான். மழைக்காலத்தில் அதே ஷீட் சில்லென்று இறங்கும். ஏரி நிறைந்துவிட்டது. அதன் மேல் தவழ்ந்து வருகிற ஈரக்காற்று எங்களுக்குச் சுகமாக இருந்தது. நான் மெல்லிய போர்வை ஒன்றோடு தூங்குவேன். அக்காவுக்குப் பல் கிட்டியது. உடம்பில் சதை இல்லை, ரத்தம் இல்லை, எதை வைத்துச் சூடு பிடிக்கும்? கம்பளி போர்த்தினோம். கனம் தாங்காமல் வயிறு வலிக்கிறது என்றாள். வெந்நீர்ப் பை வைத்தோம். அது ஆறும் வரைதான். கால் எப்போது தொட்டாலும் ஐஸாக இருக்கும். ஒரு காலை நான், ஒரு காலை அத்தான் என்று மடியில் வைத்துத் தேய்ப்போம்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

"குளிரு வெளிய போவாம அடைக்கத் தெரியுது. சூடு வெளிய போவாம அடைக்கத் தெரியாதா எனக்கு?" என்றார். அவருக்கே கோபம் வந்தது, இத்தனை நாள் தோன்றவில்லையே என்று. "டீச்சரம்மா, நாளைக்கு இவள ஹாலுக்கு மாத்துங்க" என்றார். கிண்டலாகவும் மரியாதையாகவும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

சூப்பர்வைசரிடம் சொல்லி, முடிந்துபோன ஒரு வேலையில் மிஞ்சிய சுருள்களை எடுத்துவந்தார். கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், மூச்சுக்கு ஆகாது, ஃபாயில் மட்டும் போதும் என்றார். சுவரிலும் ஷீட்டுக்குக் கீழேயும் ஒரு அங்குல ரீப்பர் கட்டைகளை அடித்து, அதன் மேல் ஃபாயிலை இழுத்து ஒட்டினார். சுவருக்கும் ஃபாயிலுக்கும் நடுவில் காற்று நிற்க வேண்டுமாம். பளபளப்பு அறையைப் பார்த்து இருக்க வேண்டுமாம். "அடுப்புக்கு முன்னால கைய நீட்டினா சூடு வருதில்ல, அந்த மாதிரி உடம்புலேர்ந்தும் சூடு போயிக்கிட்டே இருக்கு. செவுரு அத முழுங்கிடும். இது முழுங்காது. அவ சூட்ட அவளுக்கே திருப்பிக் குடுத்துடும்" என்றார். மேலே ஒரு வென்டிலேட்டரை மட்டும் திறந்து விட்டு, ஓரமெல்லாம் டேப் போட்டார்.

பின் வீட்டில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வூட்டுக்குள்ளயே ராக்கெட் கட்டிகினு கீறீங்களா?" என்றார். அத்தான் சிரித்தார். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலை செய்தது. பொய் சொல்லக் கூடாது. அக்காவைத் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்த அன்று மாலை அவள் காலைத் தொட்டுப் பார்த்த அத்தான், தொட்ட கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க" என்றார். வெதுவெதுப்பாக இருந்தது. மாதக்கணக்கில் அப்படி ஒரு காலை நாங்கள் தொடவில்லை. அவர் எழுந்து சமையலறைக்குப் போய், எதற்கென்றே தெரியாமல், எனக்கும் அவருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார். அதில் சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லாமல் குடித்தேன்.

அக்கா மட்டும் போர்வையைத் தலை வரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இன்னும் குளுருதாம்மா?" என்று கேட்டார். போர்வைக்குள்ளிருந்து "கொஞ்சம்" என்றாள். மறுநாள் வந்து கதவின் உள்பக்கத்துக்கும் ஃபாயில் ஒட்டினார். அதற்கும் போர்வை இறங்கவில்லை. ஜன்னல் பலகைக்கும் ஒட்டினார். கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு அட்டையில் ஒட்டி வளைத்து நிறுத்தினார். சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்த பெண்கள், "வெள்ளி மண்டபம் மாதிரி இருக்கு, எவ்ளோ பாசம் பாரு அவருக்கு!" என்று கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இருந்த வரைக்கும் அக்கா தூங்குவதுபோலக் கிடந்தாள்.

அவர்கள் போன பிறகு நான் போர்வையை விலக்கினேன். உடம்பு வேர்த்திருந்தது. குளிராம்!

"என்னடி நாடகம் இது?" என்று அதட்டினேன். நோயாளியை அதட்டக் கூடாதுதான். எனக்கு வேறு விதம் தெரியாது.

அக்கா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "கண்ணத் தொறந்தா அங்க ஒருத்தி படுத்திருக்கா. மொட்டத் தலையோட. மூஞ்சியே கிடையாது, வெளுத்துப் போயி, நெளிஞ்சிக்கிட்டு. இந்தப் பக்கம் திரும்பினா இங்க ஒருத்தி. மேல பாத்தா மேல. நான் கைய தூக்கினா அத்தன பேரும் கைய தூக்குறாளுங்க. என் பொணத்த எனக்கே சுத்திச் சுத்திக் காட்டுறாருடி உங்க அத்தான்."

நான் அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். அதுவரை ஃபாயிலைப் பார்த்திருக்கிறேன், அதற்குள் தெரிவதைப் பார்க்கவில்லை. கண்ணாடி போலத் தெளிவாக இல்லை. தெளிவாக இருந்தாலாவது தேவலை. பேயைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வீட்டில் இருந்த கண்ணாடியை எல்லாம் தேடித் தேடி மறைத்த ஆள், அதே கையால் அவளைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணாடியாக நிறுத்தியிருக்கிறார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. எப்படித் தோன்றாமல் போனது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு யோசித்தால் புரிந்தது. இருபது வருஷமாக அவர் ஃபாயில் ஒட்டிய இடம் எல்லாம் சீலிங்குக்கு மேலே, இருட்டில். அங்கே ஆள் இருக்க மாட்டான். பளபளப்பு என்றால் அவருக்குச் சூடு, குளிர், அவ்வளவுதான். அதில் முகம் தெரியும் என்பது அவர் தொழிலிலேயே கிடையாது.

"இப்பவே சொல்றேன், கிழிச்சுப் போடட்டும்" என்று எழுந்தேன்.

அக்கா என் முந்தானையைப் பிடித்தாள். "சொன்னே, நான் உன்னோட பேசவே மாட்டேன். அவரு மூஞ்சிய பாத்தியா? என் கால் சூடா இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு. டாக்டர் கைவிட்டாரு, கடவுளும் பாக்கலாம்னு இருக்காரு. அவரால முடிஞ்சது இது ஒண்ணுதான். அதையும் நான் வேணாம்னு சொல்லணுமா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். திரும்ப உட்கார்ந்தேன்.

ஒரு வழி கண்டுபிடித்தோம். காலையில் அத்தான் வேலைக்குப் போனதும் அக்காவின் புடவைகளை எடுத்து ஃபாயிலை மறைத்துக் கட்டிவிடுவேன். பட்டு, சில்க், வாயில் எல்லாம் ஆணியிலிருந்து ஆணிக்கு. சாயங்காலம் அவர் ரயிலிலிருந்து இறங்கிப் பஸ் பிடித்து வருகிற நேரத்துக்கு முன்பு அவிழ்த்து மடித்துவிடுவேன். பகலெல்லாம் அக்கா போர்வையை இறக்கிவிட்டு, அந்தப் புடவை எப்போது எடுத்தது, அதைக் கட்டிக்கொண்டு போன கல்யாணத்தில் யார் யார் வயிறெரிந்தார்கள் என்று சொல்லிக்கொண்டு கிடப்பாள். சிரிப்போம். ஆனால் துணி மறைத்தால் ஃபாயில் வேலை செய்யாது. மத்தியானத்துக்குள் அவள் கால் பழையபடி சில்லிட்டுவிடும். "பரவால்லடி, குளுரட்டும்" என்பாள். பார்க்காமல் இருப்பதற்கு விலையாக அவள் குளிரை வாங்கிக்கொண்டாள். நான் கால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் எங்கள் அண்ணன் நாகர்கோவிலிலிருந்து வந்தான். அங்கே பள்ளித் தலைமையாசிரியர். அக்காவுக்கும் மூத்தவன். அப்பா அம்மா போன பிறகு எங்கள் இருவருக்கும் எல்லாமே தான்தான் என்று நினைப்பு, ஓரளவுக்கு உண்மையும்கூட. பின்னறைக்குள் காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். அத்தான் அருகில் இருந்ததால் அன்று புடவை இல்லை. கட்டிலில் கிடந்த தங்கையையும், சுவரெல்லாம் நெளிந்த தங்கைகளையும் பார்த்தான்.

"இது ரூமா மாப்ள, ஃப்ரிட்ஜா?" என்று கத்தினான். "அவள அனுப்பி வைங்க. என் வீட்ல தளம் போட்ட ரூம் இருக்கு. அண்ணி பாத்துப்பா."

அக்காதான் போர்வைக்குள்ளிருந்து, "நான் எங்கயும் வரலண்ணா. இது என் வீடு" என்றாள்.

இரண்டு நாள் இருந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கிளம்பினான். வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அழுதான். "எது நடந்தாலும் நான் வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும். கடைசியா ஒரு தடவ அவ மூஞ்சிய நான் பாக்கணும். சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். உள்ளே வந்தபோது அக்கா, "அண்ணன் என்ன இந்தக் கோலத்துல பாத்துட்டான்டி. அவனோட போதும். இதுக்கு மேல ஒருத்தர் பாக்கக் கூடாது. நான் செத்தாலும்" என்றாள். அவளிடமும் தலையாட்டினேன். இரண்டு பேருக்கும் சரி என்றவள் நான்.

அண்ணன் போன மறுநாள், மழையில் வேலை நின்றுவிட்டது என்று அத்தான் மத்தியானமே வந்துவிட்டார். கதவு திறந்த சத்தம் மழையில் எங்களுக்குக் கேட்கவில்லை. பின்னறையில் நாலு பக்கமும் புடவை. அக்கா என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் நேராக வந்து அவள் காலைத் தொட்டார். நனைந்த சட்டையோடு, குளிக்காமல், முதல் தடவையாக.

"ஐஸா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, நான் அதுவரை கேட்காத குரலில், "அவள சாகடிக்கப் பாக்கிறீங்களா? அறிவு இருக்கா? துணிய போட்டு மறைச்சா அது எதுக்கு?" என்று ஒரு புடவையைப் பிடித்து இழுத்தார். அக்கா சட்டென்று முகத்தை மூடிக்கொண்டாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆமா, எனக்கு அறிவு இல்ல! உங்களுக்கு இருக்கில்ல, அதுல பாருங்க! அவ மூஞ்சி தெரியுது பாருங்க! கண்ணாடியே வேணாம்னு கெடக்கிறவள சுத்திக் கண்ணாடி கட்டி வெச்சிருக்கீங்க!"

அத்தான் புடவையைக் கையில் பிடித்தபடியே சுவரைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து பார்த்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அக்காவின் தலை இருக்கிற உயரத்துக்குத் தன் தலையைக் கொண்டுபோய் அங்கிருந்து பார்த்தார். மேலே பார்த்தார். அக்கா, "விடுங்க, நான் பழகிட்டேன்" என்றாள். அவர் அந்தப் புடவையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்குப் போகவில்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்து முன் அறையில் படுக்கவைத்து, ஹால் கதவையும் ஜன்னலையும் சாத்தி, யார் வந்தாலும் திருப்பி அனுப்பச் சொன்னார். கையில் உப்புத்தாள், இருப்பதிலேயே மெலிசான நம்பர். தச்சர்கள் மரம் வழுவழுப்பாக்கத் தேய்க்கிற தாள். அதை வைத்து ஃபாயிலை வட்டவட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தார். அழுத்தினால் கிழிந்துவிடும், அழுத்தாவிட்டால் பளபளப்பு போகாது. கொஞ்சம் தேய்ப்பார், கன்னத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு திரும்பி வருகிறதா என்று பார்ப்பார், முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். நானும் ஒரு துண்டு தாளை எடுத்துக்கொண்டேன். மாலைக்குள் அறை முழுவதும் சாம்பல் பூத்தது மாதிரி மங்கிவிட்டது. தூளையெல்லாம் ஈரத் துணியால் துடைத்தெடுத்தோம். என் விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அவர் கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அக்காவைக் கொண்டுவந்து படுக்கவைத்தார். அவள் மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், மேலே பார்த்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"யாரும் இல்ல" என்றாள்.

பிறகு போர்வையைத் தானே இடுப்புக்குக் கீழே தள்ளிவிட்டாள். கால் சூடாகத்தான் இருந்தது. அத்தான் தன் தோலுரிந்த கையைப் பார்த்துக்கொண்டு, "முன்னாடியே தேய்ச்சிருக்கலாம்" என்றார். அக்கா அவர் கையை இழுத்துத் தன் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். கிறிஸ்துமஸ் அன்று கொஞ்சம் கேக் சாப்பிட்டாள். கேரல் பாடுகிறவர்களை வாசலிலேயே பாடச் சொன்னோம், உள்ளேயிருந்து கேட்டாள். என்னைக் கூப்பிட்டு, நான் கட்டியிருந்த புடவைக்கு ரவிக்கை பொருந்தவில்லை என்று திட்டினாள். எனக்கு அந்தத் திட்டு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது. இன்னும் ஒரு மழைக்காலம் இருப்பாளோ என்றுகூட நினைத்தேன். ஆசைக்கு வெட்கம் ஏது?

வருஷம் முடிவதற்குள் ஒரு விடியலில் போய்விட்டாள். வலி இல்லாமல், தூக்கத்தில். அத்தான் கால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் கால் ஆறும் வரை அவர் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு எங்களுடையதாக இல்லை. சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்தார்கள். யாரோ நாகர்கோவிலுக்கு ட்ரங்க் கால் போட்டார்கள். அண்ணன் அன்று மாலை ரயிலேறினால் மறுநாள் காலைதான் வந்து சேர முடியும். அதுவரை உடம்பை வைத்திருக்க வேண்டும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். யாரும் அத்தானைக் கேட்கக்கூட இல்லை, ஐஸுக்குச் சொல்லியனுப்பிவிட்டார்கள். பதினொரு மணிக்கு மூன்று சக்கர வண்டியில் மரத்தூள் மூடி ஐஸ் பார்கள் வந்தன. வண்டிக்காரர் சாக்கை விலக்கிவிட்டு, "இன்னா சார், எங்க எறக்கணும்? சீக்கிரம் சொல்லு, கரைஞ்சுகினே கீது" என்றார்.

அத்தான் எழுந்து வந்தார். வண்டியைப் பார்த்தார். பின்னறை வாசலில் போய் இரண்டு கையையும் நிலைப்படியில் வைத்து மறித்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்" என்றார். "அவளுக்குக் குளுரும்."

போதகர் தோளைத் தொட்டுப் பேசினார். பெரியவர்கள் பேசினார்கள். மச்சான் வர வேண்டாமா, அண்ணனுக்குக் காட்ட வேண்டாமா என்றார்கள். அவர் கேட்டதாகவே தெரியவில்லை. "குளுரும்ங்க. அவளுக்கு ஆகாது" என்று அதையே சொன்னார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் அண்ணனுக்குச் சத்தியம் செய்து கொடுத்தவள். ஆனால் அக்காவின் முகம் துணிக்குக் கீழே இருந்தது. இதற்கு மேல் ஒருத்தர் பார்க்கக் கூடாது என்று சொன்ன முகம். நான் வெளியே போய் வண்டிக்காரரிடம், "எடுத்துட்டுப் போப்பா" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பெட்டியை மூடியே கொண்டுபோனோம். மாலை இருட்டுவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. குழி வெட்டுகிறவர்கள் முன்னாடியே தண்ணீரை இறைத்துவிட்டு மணல் போட்டுவைத்திருந்தார்கள்; இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டிருந்த அத்தான் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. அதன் பிறகு விடிய விடிய மழை.

காலையில் அண்ணன் வந்தான். காலியான கட்டிலைப் பார்த்தான். நான் செய்த சத்தியத்தைப் பற்றிக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. "எங்க?" என்றான், அவ்வளவுதான். மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். தூறிக்கொண்டிருந்தது. புது மேடு உள்வாங்கியிருந்தது. மாலைகள் மிதந்தன. அக்காவின் மேல் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

அண்ணன் அத்தானின் பக்கம் திரும்பினான். "ஐஸ் ஆகாதுன்னீங்களாம். ஒரு ராத்திரி எனக்காக வைக்க முடியல. இதுல வெச்சிருக்கீங்களே மாப்ள, இது குளுராதா அவளுக்கு?"

அத்தான் தண்ணீரைப் பார்த்தார். அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தார். இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்ற ஆரம்பித்தார். அள்ள அள்ள மண்ணிலிருந்தே சுரந்தது. மழையும் விடவில்லை. உப்புத்தாளில் தோலுரிந்திருந்த கை சேற்றில் சிவந்து தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கை நின்றது. அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலையே, மச்சான்" என்றார்.

அண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவருக்கு எதிரில் சேற்றில் உட்கார்ந்து, அவனும் அள்ளத் தொடங்கினான்.